சலுகை இருக்கிறதென்று ஓடுகிற காரை விற்று மின்சார கார் வாங்கலாமா?

சத்துவாச்சாரி வாசி:
2014 மாடல் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், லிட்டருக்கு 15 கொடுக்கிறது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில், அதனால் மாதம் 500 கி.மீ. தாண்டாது. மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், சாலை வரியும் கிடையாது, இப்போதே புக் பண்ணுங்கள் என்கிறார்கள் ஷோரூமில். புதுசு 12 லட்சம், பழையதை 2 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

காட்பாடி பாலம்:
அப்பா சொல்வதுதான் சரி. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு ஆயுள் முழுதுக்கும் ஒரே தடவை கட்டும் சாலை வரியே 18 சதவீதம், அந்த வரி இல்லை என்பது பெரிய தொகைதான், ஆனால் அது எப்படியும் புது கார் வாங்கியே தீர வேண்டியவருக்குத்தான் மிச்சம். உங்கள் காருக்கு வரி எப்போதோ கட்டி முடித்தாயிற்று. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் மாதச் செலவு சுமார் 3,300. மின்சாரத்தில் யூனிட்டுக்கு 7 கி.மீ., யூனிட் 8 ரூபாய் என்றாலும் 600க்குள் முடியும். ஆக வருஷத்துக்கு 32,000 மிச்சம் பிடிக்க கையிலிருந்து 10 லட்சம் போகிறது. அதைத் திரும்ப எடுக்கவே முப்பது வருஷம் ஆகும், வட்டி தனி.

பாலாற்றங்கரை:
கரண்ட் பில்லையும் பாருங்கள் சார். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் கூடும். வேலூர் வெயிலில் ஏசி ஓடும் வீட்டில் அது 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும், 500க்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கும் அதிகம்.

ஆற்காடு ரோடு:
நான் மின்சார கார்தான் ஓட்டுகிறேன், வேலை விஷயமாக அடிக்கடி சென்னை போய் வருவதால் எனக்குக் கட்டுப்படியாகிறது. ஓட்டம் அதிகம் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். புகை குறையட்டும் என்று நினைத்தாலும் இதே கதைதான், பேட்டரி செய்யும்போதே நிறைய கரியமில வாயு வெளியாகிவிடுகிறது, வண்டி நிறைய ஓடினால்தான் அது ஈடாகும். அப்புறம், மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மானியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பஸ், லாரி மாதிரி வண்டிகளுக்கு, சொந்தக் காருக்கு இல்லை.

சத்துவாச்சாரி வாசி:
ரொம்ப நன்றி. எங்கள் வீட்டில் கோடையில் பில் இப்போதே 450 யூனிட் வருகிறது. 2029ல் 15 வருஷம் முடிந்து எஃப்சி (தகுதிச் சான்று), பசுமை வரி என்று வரும்போது பார்த்துக்கொள்கிறேன், இப்போதைக்கு டயர் மட்டும் மாற்றப் போகிறேன்.