சுட்டுக்கிட்டது ஓட்டல் ரூம்லய்யா, கோர்ட்ல இல்ல!

கருப்புக்கோட்டு:
காலைல இருந்து எந்த குரூப்ப தொறந்தாலும் இதே ஃபார்வர்டு. அமெரிக்காவுல ஒரு வக்கீல், செத்தவன் தன்னைத்தானே எப்படி சுட்டுக்கிட்டிருப்பான்னு கோர்ட்ல நடிச்சுக் காட்டும்போது துப்பாக்கி வெடிச்சு செத்தாராம், ஜூரி அந்த இடத்துலயே கட்சிக்காரனை விடுதலை பண்ணிருச்சாம். யார்யா எழுதுறது இதெல்லாம்? அவர் பேரு கிளெமென்ட் வலாண்டிகாம். 1871 ஜூன் 16. ஓஹையோ மாநிலத்துல லெபனான்னு ஒரு ஊரு. அவர் சுட்டுக்கிட்டது தங்கியிருந்த ஓட்டல் ரூம்ல, கூட இருந்த வக்கீலுங்க முன்னாடி. ஜட்ஜும் கிடையாது, ஜூரியும் கிடையாது.

தேனிக்காரன்:
அந்த ஃபார்வர்ட போட்டதே நான்தான், பேர் சொல்லியே திட்டலாம்ல. எங்க சுட்டுக்கிட்டா என்ன அண்ணே? செத்து கேஸ ஜெயிச்சாரு, அதான் மேட்டர்.

கருப்புக்கோட்டு:
எங்கங்கிறதுதான் மேட்டரே. ஜூரி கண்ணு முன்னாடி நடந்தா அது வேற, ஓட்டல்ல நடந்தா வேற. கேஸ் என்னன்னாவது தெரியுமா? அதே ஓஹையோவுல ஹாமில்டன்னு ஒரு ஊர்ல சாராயக்கடை தகராறுல டாம் மயர்ஸ்னு ஒருத்தன் குண்டடி பட்டு செத்தான், தாமஸ் மெக்கீகன் மேல பழி, அவனுக்குத்தான் வலாண்டிகாம் வக்கீல். மயர்ஸ் முட்டி போட்ட நிலையில இருந்து எந்திரிக்கும்போது பாக்கெட்ல இருந்த சொந்த துப்பாக்கிய உருவினான், அதுவே வெடிச்சிருச்சுங்கிறது வலாண்டிகாம் வாதம். கிட்டக்க இருந்து சுட்டா துணியில வெடிமருந்துக்கரி எப்படி படியும்னு பார்க்க ஊருக்கு வெளிய போயி துணியில சுட்டுப் பார்த்தாரு. திரும்பி வரும்போது துப்பாக்கிக்குள்ள மிச்ச குண்டு அப்படியே இருந்துச்சு. ரூம்ல அத வேறொரு காலி துப்பாக்கி பக்கத்துல வச்சிட்டாரு. ராத்திரி சக வக்கீலுக்கு "இந்தா இப்படித்தான்"னு காட்ட கை தவறி குண்டு இருந்ததை எடுத்து பாக்கெட்ல போட்டு உருவி விசைய அழுத்தினாரு, வயித்துல பாஞ்சது. மறுநாள் செத்தாரு. இதுல கோர்ட் எங்க வந்துச்சு?

மல்லிகா_மதுரை:
எனக்கு புரியாதது ஒண்ணுதான். குண்டு போட்டதையும் போடாததையும் ஒரே மேஜையில யாராவது பக்கத்துல பக்கத்துல வைப்பாங்களா? ஜூனியர் ஒருத்தர் கூடவா பார்க்கல? எனக்கு சந்தேகமா இருக்கு.

தேனிக்காரன்:
அதானே! யாரோ மாத்தி வச்சிருப்பாங்க. லிங்கனோட மோதின ஆளு வேற, பகை இல்லாமலா இருக்கும்.

கருப்புக்கோட்டு:
லிங்கன் செத்து ஆறு வருஷம் ஆச்சு தம்பி அப்போ. 1863ல அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு எதிரா பேசினார்னு வடக்குப் படை ஜெனரல் பர்ன்சைடு கைது பண்ணி ராணுவ விசாரணைல தண்டனை வாங்கிக் குடுத்தாரு, லிங்கன் அத நாடு கடத்தலா மாத்தி எதிரணியான தெற்குப் பக்கம் துரத்தி விட்டாரு. அது பழைய கதை. மாத்தி வச்சதுன்னு எவனும் சாட்சி சொல்லல. அவரே கைய விட்டு எடுத்தது.

பொள்ளாச்சி_ரவி:
நாடு கடத்தினதுக்கு அப்புறமும் தெற்குல இருந்து கனடாவுக்குப் போயி அங்க உக்காந்துகிட்டு ஓஹையோ கவர்னர் தேர்தல்ல நின்னாரு, அதையும் சொல்லுங்க. அடிமை முறைய ஒழிக்கிறதுக்கு எதிரா நின்ன ஆளு. அவருக்கு இவ்ளோ பாசமா வக்காலத்து வாங்குறீங்களே கோட்டு சார், ஏன்?

கருப்புக்கோட்டு:
நான் அவருக்கு வக்காலத்து வாங்கல, ஓட்டல் ரூமுக்கு வாங்குறேன். அந்த தேர்தல்ல ஜான் பிரவ்கிட்ட பெருசா தோத்தாரு, அதுவும் தெரியும். நீங்க போன தடவை ஜாமீன் விஷயத்துல என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டத இன்னும் மனசுல வச்சிக்கிட்டு வர்றீங்க, அது இங்க வேண்டாம்.

பொள்ளாச்சி_ரவி:
யாரு வாங்கிக் கட்டிக்கிட்டது? செக்‌ஷன் நம்பர தப்பா சொன்னது நீங்க. பதில் சொல்லாம ஓடினதும் நீங்க.

மல்லிகா_மதுரை:
ரெண்டு பேரும் அத தனியா வச்சிக்கோங்க. அவர் செத்ததால மயர்ஸ் தானே சுட்டுக்கிட்டான்னு நிரூபணம் ஆயிருமா? அப்படி நடக்க வாய்ப்பிருக்குன்னு வேணா ஆகும்.

தேனிக்காரன்:
அந்த வாய்ப்பு போதும் அக்கா, சந்தேகத்தின் பலன குற்றம் சாட்டப்பட்டவனுக்கு குடுத்தே ஆகணும். எங்க சித்தப்பா கோர்ட்ல குமாஸ்தா, எனக்கும் கொஞ்சம் தெரியும். ஜூரி கண்ணால பார்த்துச்சு, விட்டுச்சு.

கருப்புக்கோட்டு:
பார்க்கலடா! ஜூரி பார்க்கல! ஓட்டல்! அன்னிக்கு அதுக்கு லெபனான் ஹவுஸ்னு பேரு, இன்னிக்கு கோல்டன் லாம்ப், 1803ல இருந்து அதே ஊர்ல நடக்குது, இப்பவும் சோறு போடுறாங்க, அவர் பேர்ல ஒரு ரூமே வச்சிருக்காங்க. கோர்ட்ல செத்தவருக்கு ஓட்டல்காரன் எதுக்கு ரூம் வைக்கிறான்? மெக்கீகனும் அன்னிக்கே வெளிய வரல, அதுக்கப்புறமும் விசாரணை நடந்துதான் விடுதலை ஆனான். வெளிய வந்து சில வருஷத்துல அவனையும் ஒரு சாராயக்கடையில வச்சு சுட்டுட்டாங்க.

தேனிக்காரன்:
ஆக விடுதலை ஆனான்ல? அத்தனை பேர் ஃபார்வர்ட் பண்றாங்க, எல்லாரும் முட்டாளா, நீங்க மட்டும்தான் படிச்சவரா?

கருப்புக்கோட்டு:
ஆமா, இந்த விஷயத்துல நான் மட்டும்தான் படிச்சிருக்கேன்.

பொள்ளாச்சி_ரவி:
பார்த்தீங்களா, இந்தத் திமிருதான் ஜாமீன் விஷயத்துலயும். அந்த செக்‌ஷன் நம்பர இப்பவாவது சரியா சொல்லுங்க பார்ப்போம்.

மல்லிகா_மதுரை:
அந்த ரெண்டு துப்பாக்கியையும் மேஜையில வச்சப்போ ரூம்ல வேற யாரு இருந்தாங்க, அத யாராவது சொல்லுங்களேன்?

தேனிக்காரன்:
கோர்ட்லதான் அக்கா வச்சாங்க.

கருப்புக்கோட்டு:
ஓட்டல்.