பாயின்டர் ஏலியாசிங்: ‘ஓரிடச்சுட்டு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பாயின்டர் ஏலியாசிங் என்பதற்கு இங்கே முன்வைக்கப்பட்ட தமிழாக்கம் இது:

> ஏலியாசிங் = மாற்றுப்பெயரிடல்

இதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. பெயரிடல் என்றால் யாரோ தெரிந்தே பெயர் வைத்ததாகப் படுகிறது. சி மொழி நிரலில் இது பெரும்பாலும் தெரியாமல் நேர்வது. இரண்டு சுட்டிகள் (பாயின்டர்கள், அதாவது நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) நினைவகத்தில் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்; எழுதியவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

போன மாதம் இதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். ஒரு ஃபங்ஷனுக்கு ஓர் இன்ட் (முழு எண்) சுட்டியும் ஒரு ஃப்ளோட் (பதின்ம எண்) சுட்டியும் வருகின்றன. முதலாவதன் வழியே 1 எழுதி, இரண்டாவதன் வழியே 0 எழுதி, முதலாவதைப் படித்துத் திருப்பித் தர வேண்டும். இரண்டுக்கும் ஒரே முகவரி. ஜிசிசி கம்பைலரில், உகப்பாக்கம் (நிரலை வேகமாக்கும் மாற்றங்கள்) இல்லாத ஓ0 நிலையில் 0 வந்தது, உகப்பாக்கம் உள்ள ஓ2 நிலையில் 1 வந்தது! இப்படி வகை வேறானால் இடமும் வேறு என்று கம்பைலர் எடுத்துக்கொள்ள சி தரநிலை வழிவிடுகிறது. ஓ2-வில் ஜிசிசி அதை நம்பி, நினைவகத்தை மறுபடி பார்க்காமலே 1-ஐக் கொடுத்துவிடுகிறது. பிழை என் நிரலில்தான். மெம்காப்பி ஃபங்ஷனைக் கொண்டு பைட்டுகளை நகலெடுத்ததும் சரியாயிற்று. (லினக்ஸ் கெர்னலை இந்த அனுமானத்தை அணைத்துவிட்டே கம்பைல் செய்கிறார்கள்.)

அதனால் ‘ஓரிடச்சுட்டு’ என்று முன்வைக்கிறேன். நடப்பது என்ன என்பது சொல்லிலேயே தெரிகிறது. அதைவிட முக்கியம், இது வினையாகவும் வளையும். கம்பைலர் எந்த இரு சுட்டிகளைப் பற்றியும் கேட்பது மூன்றே கேள்வி: ஓரிடம் சுட்டியே தீருமா, ஓரிடம் சுட்டக்கூடுமா, ஓரிடம் சுட்டவே சுட்டாதா? நடுவில் உள்ளதுதான் உகப்பாக்கத்துக்குத் தடை. மாற்றுப்பெயரிடலை வைத்து இந்த மூன்றையும் எழுதிப் பார்த்தேன், வாக்கியம் அமையவில்லை.

வகை வேறானால் இடமும் வேறு என்ற மேற்சொன்ன விதியை ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங் என்பார்கள். அதற்குக் ‘கண்டிப்பான’ என்ற அடைமொழி வேண்டாம். அங்கே விஷயம் வகைதான். ‘வகைவழி ஓரிடச்சுட்டு விதி’ எனலாம். 1999 தரநிலையில் வந்த ரெஸ்ட்ரிக்ட் என்ற குறிச்சொல், இந்தச் சுட்டி காட்டும் இடத்தை வேறு சுட்டி வழியே தொடமாட்டேன் என்று நிரலர் தானே தரும் வாக்குறுதி. அதற்குத் ‘தனிச்சுட்டு’ பொருந்தும்.

சுட்டி என்பதை மவுஸுக்கும் வைத்திருக்கிறோமே என்று கேட்டிருந்தீர்கள். சி பற்றி எழுதும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. கேரக்டர் சுட்டி எந்த வகைப் பொருளையும் தொடலாம், விதி அதைத் தடுக்காது. இந்தச் சலுகைக்குப் பெயர் கிடைக்கவில்லை. ‘பொதுச்சுட்டி’ என்றால் வகை குறிப்பிடாத வாய்டு சுட்டியோடு குழம்பும். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.