"மணி என்ன டீச்சர்?" பசியோடு படித்தவர்களும் படிக்க வைத்தவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் கிராமத்து அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து "மணி என்ன டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பத்து மணிக்கு ஒரு தடவை, பதினொன்றுக்குள் இன்னும் நாலு தடவை. பாடத்தில் கவனம் இல்லை என்று அவனை நானே வெளியே நிற்க வைத்திருக்கிறேன். ஒருநாள் சத்துணவு ஆயாதான் சொன்னார், "நேத்து மத்தியானம் இங்க சாப்பிட்டதோட சரி டீச்சர், ராத்திரி வீட்ல அடுப்பே பத்த வைக்கலையாம்." அவன் அம்மா விடியும் முன்னே செங்கல் சூளைக்குப் போய்விடுவார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. பையன் கேட்டதெல்லாம் சோறு எப்போது என்பதைத்தான்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. சுய உதவிக் குழு அக்காக்கள் பள்ளி தொடங்கும் முன்பே உப்புமாவும் சாம்பாரும் தயாராக வைத்துவிடுவார்கள். சில வாரங்களில் அவன் மணி கேட்பது நின்றது. அப்புறம் வேறு கேள்விகள் ஆரம்பித்தன. பகலில் ஏன் நிலா தெரிகிறது, எறும்புக்குத் தூக்கம் உண்டா, இப்படி. நான் தனியாக எந்த ஊக்கமும் கொடுக்கவில்லை, அந்தக் கேள்விகள் அவனுக்குள் முன்பே இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1945-ல் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள் என்று பிறகு படித்தேன். நன்றாகப் படித்த, கொள்கைப் பிடிப்புள்ள ஆண்கள். அவர்களே மற்ற ஆர்வமெல்லாம் வற்றி, சமையல் புத்தகங்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்களாம். எட்டு வயதுப் பிள்ளையை நான் என்னவென்று திட்டினேன்!

⁂

டீச்சர், நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பையன் நான்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தபோது இரண்டாம் வகுப்பு. வீட்டிலிருந்து அலுமினியத் தட்டு கொண்டுபோவோம், அதை மறந்துவிட்டுப் போன நாளில் அழுதபடி திரும்ப ஓடியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். "பசிதான் என்னைப் படிக்க வைத்தது" என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். பசி என்னை வேலைக்குத்தான் அனுப்பியது. கணக்கு என்றால் எனக்கு உயிர், மேலே படி என்று வாத்தியார் கெஞ்சினார், நான் முதலில் கிடைத்த குமாஸ்தா வேலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வந்த பதவி உயர்வை வெளியூர் மாற்றலுக்குப் பயந்து இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். இன்றும் வீட்டில் இரண்டு மாத அரிசி இருந்தால்தான் தூக்கம் வரும். தேவைகளின் படிநிலை பற்றி, அதாவது பசி போன்ற அடிப்படைத் தேவை தீர்ந்த பிறகுதான் மற்ற தேவைகள் தலைதூக்கும் என்பது பற்றி, 1943-ல் அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் இதுவும் இருக்கிறது: வெகுகாலம் இல்லாமையில் கிடந்தவர், வயிறு நிறைந்தால் போதும் என்று வாழ்நாள் முழுக்க அதோடு நின்றுவிடக்கூடும். அதைப் படித்த அன்று வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

⁂

அண்ணா, எனக்குச் சோற்றுக்குக் குறை இருந்ததில்லை. நான் படித்த பள்ளியில் கழிப்பறைதான் இல்லை, பேருக்கு ஒன்று இருந்தது, அதுவும் பூட்டியே கிடக்கும். அதனால் காலையில் வீட்டில் குடிக்கிற காபியோடு சரி, சாயங்காலம் நாலரை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். எட்டாம் வகுப்பில் கபடி அணியில் என்னைச் சேர்த்தார்கள். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே போக முடியாது. "உனக்கு ஆர்வமே இல்லைம்மா" என்று சொல்லி அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணத்தை ஒரு ஆண் ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்ல அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை, எனக்கே ஆர்வம் இல்லை போல என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். என் வீட்டுக்காரர் தேர்ச்சி விகிதம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திருகிப் பார்த்தேன். வந்தது.