ருமேனியக் கால்பந்து வீரர் ஹாஜியைப் பயிற்சியாளராக நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

துறைமுகத்தான்

ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சாவில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர் வேலை செய்கிறேன். 2023 மே மாதம் ஹாஜி பயிற்சியளித்த எங்கள் ஊர் ஃபாருலுக்கும் புகாரெஸ்ட்டின் எஃப்சிஎஸ்பிக்கும் நடந்த ஆட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று நான் பக்கத்து ஊர் ஒவிடியு மைதானத்தில் இருந்தேன். ருமேனியக்காரர் ஒருவர் வர முடியாமல் போக, அவருடைய டிக்கெட் என் கைக்கு வந்தது.

எஃப்சிஎஸ்பி 2-0 என்று முன்னால் போய்விட்டது. என்னைச் சுற்றி ஒரே வசவு. எனக்கு முன்வரிசையில் ஹாஜியின் கால்பந்து அகாடமிச் சட்டை போட்ட ஒரு பையன். பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அவன் பந்தைப் பார்க்கவே இல்லை, கோட்டோரம் நின்ற ஹாஜியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜி இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளி, ஆட்டக்காரர்களை மேலே ஏறச் சொல்கிறார். பையனின் கைகளும் மடியில் இருந்தபடியே அதே மாதிரி தள்ளுகின்றன. அவர் தலையில் கை வைத்தால் இவனும் வைக்கிறான். தான் செய்வது அவனுக்கே தெரிந்திருக்காது.

ஆட்டம் 3-2 என்று முடிந்தது, ஃபாருல் ருமேனிய லீக் சாம்பியன். மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள், முன்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அந்தப் பையன்தான் இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தூத்தூர்க்காரன்

களத்தோரம் பார்த்து என்ன ஆகப்போகிறது தம்பி? நாங்கள் அவரைக் களத்துக்குள் பார்த்தவர்கள். 1994 உலகக் கோப்பை, கொலம்பியாவுடன் ஆட்டம், இங்கே விடியற்காலை. ஊரில் தொலைக்காட்சி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடலுக்குப் போகவேண்டிய ஆட்கள்கூட வலையைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றார்கள். இடது ஓரத்தில், கோட்டுக்குப் பக்கத்தில் பந்து அவர் காலில் இருக்கிறது. 'நடுவில் தூக்கிப் போடப்போகிறான்' என்று என் மாமா சொல்லி வாய் மூடவில்லை, பந்து கோல்கீப்பர் கோர்டோபாவின் தலைக்கு மேல் வளைந்து வலைக்குள் கிடக்கிறது. ஒரு நொடி யாரும் கத்தவில்லை. பிறகு மாமா, 'இவன் பார்த்துத்தான் அடித்தானா?' என்றார். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் இன்றுவரை தீர்ப்பு இல்லை. பார்த்துத்தான் அடித்தார் என்பது என் கட்சி.

பயிற்சியாளர் ஹாஜி வேறு கதை. 1990, 94, 98 என்று மூன்று உலகக் கோப்பைகளுக்குத் தொடர்ந்து போன நாடு ருமேனியா. 2001இல் அணியை அவரிடம் கொடுத்தார்கள், ஸ்லோவேனியாவிடம் தோற்று அடுத்த உலகக் கோப்பை கைநழுவியது. 2007இல் ஸ்டியாவா கிளப்புக்குப் போனார், சில மாதங்களில் வெளியே வந்தார். இஸ்தான்புல் கிளப்பான கலாதாசராய் 2010இல் மீண்டும் அழைத்தது, சீசன் முடியும் முன்பே அனுப்பிவிட்டது. சொந்தமாகக் கிளப் தொடங்கிய பிறகு கிடைத்த வெற்றியைக் கணக்கில் சேர்க்கலாமா? முதலாளியே பயிற்சியாளர் என்றால் வேலையைவிட்டு யார் நீக்குவது?

இயந்திர அறை

தூத்தூர் அண்ணன் பட்டியலில் ஒன்றை வசதியாக விட்டுவிட்டார். 2005, துருக்கிக் கோப்பை இறுதி ஆட்டம்: ஹாஜி பயிற்சியளித்த கலாதாசராய் 5, அதே நகரத்து எதிரி ஃபெனர்பாச்சே 1. அப்போது எங்கள் கப்பல் இஸ்தான்புல்லின் துஸ்லா தளத்தில் நின்றது. நகரத்தின் ஆசியக் கரை அது. ஃபெனர்பாச்சே ரசிகர்கள் நிறைந்த பக்கம். தளத்துக்கு வெளியே இருந்த தேநீர்க் கடையில் ஆட்டம் பார்த்தோம். கலாதாசராயின் ரிபெரி முதல் கோலைப் போட்டதும் கடைக்காரர் தேநீர் ஊற்றுவதை நிறுத்தினார். மூன்றாவது கோலுக்குப் பிறகு பாதிக் கடை காலி. அவர் மட்டும் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டே, தொலைக்காட்சியில் ஹாஜி முகம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். கேட்டதற்கு, எங்களை இத்தனை வருடம் அழவைத்த ஆள், பகையாளி வீட்டில் பிறந்த பாவத்துக்குத் திட்டவும் மனம் வரவில்லை என்கிற மாதிரி அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். காசு வாங்கவில்லை. தோற்ற துக்கமா, மறந்துவிட்டாரா, தெரியாது.

லீக்கில் மூன்றாம் இடம் என்பதால் அந்த சீசனோடு ஹாஜியை விட்டுவிட்டார்கள். கிளப் நூற்றாண்டு கொண்டாடிய வருடத்தில் பரம எதிரிக்கு ஐந்து கோல் போட்டவரை! பெரிய கிளப்புகளுக்குப் பொறுமை கிடையாது. அதைப் பயிற்சியாளரின் குறையாக எழுதுவது என்ன நியாயம்?

மாலைநேரப் பயிற்சி

பகிர்வதற்கு எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னிடம் வரும் ஒரு பையனுக்கு ஹாஜியின் ஃப்ரீ கிக்குகளைக் கைப்பேசியில் காட்டினேன், மறுநாள் முழுக்க அவன் நாற்பது அடி தூரத்திலிருந்து அடித்து எதிர்வீட்டுக் கூரையில் ஓடு ஒன்றை உடைத்தான். அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பத்து வயதில் பையனை ஃப்ரீ கிக் அடிக்க விடாதீர்கள். முதலில் பந்தை வாங்கி நிறுத்தட்டும். வாங்கும் முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். பயிற்சிப் பந்தின் அளவைக் கவனியுங்கள், சிறுவர்களுக்கு நான்காம் எண் பந்துதான் சரி, பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்தைக் கொடுத்து முட்டியைக் கெடுக்காதீர்கள். இடது கால்காரன் என்றால் வலது காலுக்கு வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். கான்வாஸ் ஷூவோடு ஈரப்புல்லில் இறக்காதீர்கள். தோற்றுவிட்டு வந்தால் வண்டியில் வைத்து ஆட்டத்தை அலசாதீர்கள், சாப்பாடு போடுங்கள். பந்தயக் கோப்பைகளை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்குவதையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். இன்னொன்று, கோடை முகாம் நடத்துகிறவர்கள்…

துறைமுகத்தான்

ஐயா, ஹாஜியைப் பற்றி எழுதச் சொன்னேன். உடைந்த ஓட்டுக்கு யார் காசு கொடுத்தது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

மாலைநேரப் பயிற்சி

நான்தான் கொடுத்தேன். முகாம் விஷயத்தைப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

வெள்ளைக் கோட்டு

கான்ஸ்டான்ட்சாவில் மருத்துவம் படிக்கிறேன். ஆட்டம் எதுவும் நேரில் பார்த்ததில்லை. ஒவிடியு ஏரிப் பக்கம் போனபோது அகாடமி வேலிக்கு வெளியே நின்று சிறுவர்களின் பயிற்சியைப் பார்த்தேன். தூரத்தில் ஒருவர் ஒரு பையனின் தோளைப் பிடித்து, உடம்பை அரை வட்டம் திருப்பி நிறுத்தி, மறுபடி பந்தை உருட்டுகிறார். அதே திருப்பல், அதே பந்து, மறுபடி மறுபடி. பையனுக்கு அலுத்துவிட்டது நன்றாகத் தெரிந்தது, அவருக்கு அலுக்கவில்லை. அது ஹாஜிதானா என்று பக்கத்தில் நின்ற பாட்டியிடம் கேட்டேன். இல்லை, அவர் என் மருமகன் என்றார்.

தூத்தூர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. முதலாளி பயிற்சியாளராக இருப்பது சுலபம் என்றால் எத்தனை முதலாளிகள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்? அவர் 2009இல் தொடங்கிய, பிறகு ஃபாருலோடு இணைந்த வீடோருல் கிளப் 2017இல் ருமேனிய லீக் சாம்பியன். ரஸ்வான் மரின், கோமான், அவருடைய மகன் யானிஸ் என்று வரிசையாக ஆட்கள் அந்த வேலிக்குள்ளிருந்து வந்தவர்கள். 2024 யூரோவில் உக்ரைனுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் கோல் போட்டது அதே மரின்தான். சம்பளத்துக்கு வந்த எந்தப் பயிற்சியாளர் பத்து வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து இதைச் செய்வார்?

தூத்தூர்க்காரன்

2017 பட்டத்தை எடுக்காதே தம்பி. வீடோருல் 44 புள்ளி, எஃப்சிஎஸ்பி 44 புள்ளி. இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களை வைத்துக் கொடுத்த பட்டம் அது.

வெள்ளைக் கோட்டு

நேருக்கு நேர் மோதி ஜெயித்ததில் என்ன குறை அண்ணா?

தூத்தூர்க்காரன்

குறை என்று நான் எங்கே சொன்னேன்? 2023ஐ ஒப்புக்கொள்கிறேன், 2-0இலிருந்து திரும்புவது சாதாரண விஷயம் இல்லை. 2001ஐ மட்டும் மன்னிக்க மாட்டேன்.