ஒன்பது வருடம் பேசாத பங்காளி என்னை ரயிலில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறார். இதை யார் கணக்கில் எழுதுவது?

வெண்ணாற்றங்கரை:

ஊர் நீடாமங்கலம் பக்கம், வயது 54. சர்க்கரை இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, எங்கள் ஊர்ப்பக்கத்து மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிந்து நுரைத்து ஓடும். கரையில் பிறந்தவன் எவர்சில்வர் டம்ளரில் அளந்து குடிக்கிறேன். சிரிக்கத்தான் வேண்டும்.

நோய் உறுதியான மறுநாள் ஆலங்குடிக்குப் போனேன். ஊரே அங்கே குருவைப் பார்க்கப் போகும். நான் மூலவரைப் பார்க்கப் போனேன். ஆபத்சகாயேசுவரர். 'ஆபத்தில் துணை நிற்பவன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாய், நில்' என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் போனது.

மகன் திருப்பூரில் வேலை செய்கிறான். மனைவிக்கு முழங்கால் வலி. முதல் மூன்று முறை ஸ்டேஷனுக்குத் தனியாக ஆட்டோவில் போனேன். நான்காம் முறை விடியுமுன் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. என் பங்காளி, ஒன்றுவிட்ட அண்ணன். மடைத் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. அவர் முறைத் தண்ணீரை இருட்டில் என் வயலுக்குத் திருப்பியது நான்தான். பஞ்சாயத்தில் இல்லை என்று சத்தியம் செய்தேன். (இதை ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை.) "ஏறு" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஏழு மாதமாக ரயிலில் கூடவே வந்து, நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பக் கூட்டிவருகிறார். மடையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எதிர்வீட்டு அக்கா, கூத்தாநல்லூரில் பிறந்தவர், பாசத்தில் தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பொட்டாசியம் ஏறிவிடும் என்று டாக்டர் என்னைத் திட்டினார். விஷயம் தெரிந்ததும் அந்த அக்கா அழுதுவிட்டார். ரம்ஜான் வந்தபோது எனக்கென்று தனிச்சட்டியில் உப்பைக் குறைத்து நோன்புக் கஞ்சி வைத்து, அரைக் கிண்ணம் அனுப்பினார். கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

நான் கேட்க வந்தது இதுதான். ஆலங்குடியில் கேட்டதற்குப் பதில் இவர்கள்தானா? அல்லது நோயாளி மனது தனக்குத்தானே கதை கட்டிக்கொள்கிறதா? இன்னொன்று: பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போகும்போது கூச்சத்தில் உடம்பு குறுகுகிறது. அன்பை வாங்கிக்கொள்ள எப்படிப் பழகுவது?

மன்னார்குடி நாத்திகன்:

ஐயா, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். விடியுமுன் எழுந்து பெட்ரோல் போட்டு வருபவர் உங்கள் அண்ணன். அதைத் தூக்கி ஆலங்குடி வரவில் எழுதிவிட்டால் அந்த மனிதருக்கு என்ன மிச்சம்? ஒன்பது வருடக் கோபத்தை விழுங்குவது லேசான காரியமா? முதலில் அவருக்கு நன்றி சொல்லுங்கள். மூலவர் எங்கும் போய்விட மாட்டார்.

திருவையாறு வாத்தியார்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கணக்கையும் ஒன்றாகவே எழுதிய ஊர் இது. அப்பருக்குச் சூலை நோய் வந்த கதையை நினைத்துப் பாருங்கள். தமக்கை திலகவதியாரின் வழியை விட்டுச் சமணத்துக்குப் போனவர் அவர். வயிற்றுவலி தாங்காமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்காள் காலில்தான் விழுந்தார். அந்த அம்மையார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். நோயைத் தீர்த்தவன் சிவன் என்றுதான் புராணம் சொல்கிறது. ஆனால் கதவைத் திறந்தது அக்காள். நாற்பது வருடம் பாடம் நடத்தினேன். என் மனைவி படுக்கையில் கிடந்த வருடத்தில்தான் எனக்கு அந்தக் கதவு கண்ணில் பட்டது.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது அன்பை வாங்கத் தெரியாத கூச்சம் இல்லை ஐயா, மடைக் கூச்சம். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

டயாலிசிஸ் டெக்னீஷியன், கும்பகோணம்:

நான் வேலைக் கோணத்தில் சொல்கிறேன். சிகிச்சை முடிந்து எழும்போது பலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். தனியாக வருபவர்கள் படியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். துணைக்கு ஆள் இல்லாதவர்கள்தான் 'இன்று ஒரு நாள் விட்டால் என்ன' என்று தவறவிட்டு, மூச்சுத்திணறலோடு வந்து சேர்வார்கள். ஆகவே பெஞ்சில் இருக்கும் உங்கள் அண்ணனும் சிகிச்சையில் ஒரு பங்கு. ஊசி போடும் கையில் பை தூக்காதீர்கள், பையை அவரிடமே கொடுங்கள். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்துப் பாருங்கள். கொடுக்கவும் ஏதாவது இருந்தால் வாங்குகிறவருக்குப் பாரம் குறையும்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ரயிலில், சாலியமங்கலம் தாண்டியதும், சொல்லிவிட்டேன். "அன்றைக்கு மடையைத் திருப்பியது நான்தான்" என்றேன். ஜன்னலைப் பார்த்தபடியே "தெரியும்" என்றார். "வரப்பில் உன் செருப்புக் கிடந்தது."

அதன்பிறகு தஞ்சாவூர் வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது பையை அவரே எடுத்துக்கொண்டார். பெட்ரோலுக்கு நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஐம்பதைத் திருப்பிக் கொடுத்து, "போன வாரம் டீக்கு நீதானே கொடுத்தாய்" என்றார்.

அந்த டீயைக் குடித்ததும் அவர்தான். நான் என் பங்குத் தண்ணீரை அன்று காலையிலேயே தீர்த்திருந்தேன்.