ஓ.டி. அசிஸ்டென்ட் பயிற்சி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

(நியூ ஜெர்சியிலிருந்து)

ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி: நோயாளிகள் சட்டை போடுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சை. அந்தத் தெரபிஸ்டின் உதவியாளர்தான் ஓ.டி. அசிஸ்டென்ட். இந்தப் படிப்பில் சேர யோசிக்கிறவர்கள் அனாடமி கஷ்டமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அனாடமி படிக்கப் படிக்க வந்துவிடும். என்னைப் பாடாய்ப் படுத்தியது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகியதுதான்.

ஃபீல்ட்வொர்க்கில், அதாவது நோயாளிகளோடு நேரடியாகச் செய்யும் பயிற்சியில், எனக்குக் கிடைத்த முதல் நோயாளி பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன ஒரு பெரியவர். காலையில் சட்டை போடுவதுதான் சிகிச்சையே. போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். சட்டையை மடியில் விரித்து, வலது கையால் இடது கையைத் தூக்கி உள்ளே நுழைத்து, முழங்கை தாண்டித் தோள்வரை ஏற்றினார். அப்புறம் பித்தான். ஒற்றைக் கை விரல்களால் துளையை விரித்துப் பிடித்துப் பித்தானை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு போட்டுவிட்டார். மூன்றாவது நழுவிக்கொண்டே இருந்தது. என் கை தானாகப் போய் அதைப் போட்டுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, மீதிக்கும் என்னையே பார்த்தார். மீதியையும் நானே போட்டேன்.

"சிகிச்சை நோட்டில் என்ன எழுதப் போகிறாய்?" என்று கேட்டார் சூப்பர்வைசர். வேலையில் முக்கால் பங்குக்கு மேல் நோயாளியே செய்தால் 'மினிமல்' உதவி. பாதிதான் செய்தார் என்றால் 'மாடரேட்'. அவரால் முடிந்ததை நான் பறித்துக்கொண்டதால் அன்றைய நோட்டில் ஒரு படி இறங்கிவிட்டார். எங்கள் தாத்தா படுக்கையில் விழுந்தபோது அம்மா சோறு ஊட்டினார், அப்பா வேட்டி கட்டிவிட்டார். அதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் நான். அன்று இரவு வெகுநேரம் தூக்கமே வரவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாரக் கடைசியில் காலர் பித்தான் தவிர எல்லாவற்றையும் அவரே போட்டார்.

சேரப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: படிப்பு பொதுவாக இரண்டு வருடம். கடைசி ஃபீல்ட்வொர்க் குறைந்தது 16 வாரம், முழுநேரம். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வீட்டு வாடகைக்கு முன்கூட்டியே வழி பார்த்து வையுங்கள். அப்புறம்தான் என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றிதழ் தேர்வு. அதில் 450 எடுத்தால் தேர்ச்சி. அதற்கு மேல் மாநில லைசென்ஸ்.

(டெக்சாஸிலிருந்து)

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு தஞ்சாவூர்ப் பாட்டி நினைவுக்கு வந்தார். மகன் வீட்டில் இருந்தவர், ஸ்ட்ரோக்கில் வலது கை பலவீனம். தடித்த பிடி போட்ட ஸ்பூனால் சாப்பிட வைப்பது என்று திட்டத்தில் இருந்தது. பாட்டி அதைத் தொடவே மாட்டார். பசி இல்லை என்பார்.

நோயாளியை மதிப்பிடுவதும் திட்டத்தை மாற்றுவதும் ஓ.டி.யின், அதாவது தெரபிஸ்டின் பொறுப்பு. அசிஸ்டென்ட் தானாக மாற்றக் கூடாது, ஆனால் பார்த்ததைச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். "இவர் வாழ்நாளில் ஸ்பூனால் சோறு சாப்பிட்டதே இல்லை" என்றேன். ஓ.டி. அமெரிக்கப் பெண்மணி. கையால் எப்படிச் சாப்பிடுவீர்கள், செய்து காட்டு என்றார். நாலு விரலில் சோற்றைக் கூட்டி எடுத்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளும் அந்த ஒரு அசைவை என்னை மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். இலக்கில் ஸ்பூனை எடுத்துவிட்டு அதை எழுதினார்.

மறுநாள் மகன் தயிர்சாதம் கொண்டுவந்தார். குழைவாக இருந்ததால் கையில் நின்றது. முதல் நாள் பாதி தட்டில், பாதி மடியில். பாட்டி விடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார். நான்காம் நாள் சாம்பார் சாதத்துக்கு மாறினோம். தட்டை வழித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ரசஞ்சாதம் எப்போடி?"