‘கன்வர்ஷன்’ பட்டம்: ‘துறைபுகு பட்டம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியபோது ‘கன்வர்ஷன் டிகிரிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்’ என்று மட்டும் கேட்டேன். ஒரு துறையில் பட்டம் பெற்றவர் வேறொரு துறைக்குள் நுழைவதற்காகப் படிக்கும் பட்டம் அது. கேள்வி பிறந்த இடத்தைச் சொல்லாமல் விட்டது என் தவறு. அதைச் சொன்னால் வந்திருக்கும் சொற்களை எடைபோட எளிதாக இருக்கும்.

மதுரை தல்லாகுளத்தில் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். சென்ற மாதம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் மகளுடைய சேர்க்கைக் கடிதத்தோடு வந்தார். மல்லிகை பயிரிடுகிறவர். மகள் தாவரவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் கணினி அறிவியலில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க இடம் கொடுத்திருந்தது. படிப்பின் பெயரை ஒட்டி ‘கன்வர்ஷன்’ என்ற சொல் இருந்தது. கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்; படித்துப் புரிந்த தாளில்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். நான் ‘மாற்றுப் பட்டம்’ என்று எழுதினேன்.

அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். அந்தச் சொல்லில் விரல் நின்றது. “சார், அப்படியென்றால் இவள் மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டம் செல்லாதா?” என்று கேட்டார். பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் விளக்கிச் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார். ஆனால் விண்ணப்பம் வங்கியிலிருந்து திரும்பி வந்தது. ‘மாற்றுப் பட்டம்’ என்பதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில் ‘மாற்றுச் சான்றிதழ் நகல் இணைக்கவும்’ என்று ஒரு குறிப்பு. கல்லூரியை விட்டு வரும்போது வாங்குகிற டி.சி.யைக் கேட்டிருக்கிறார்கள். படித்தவர் மேல் குற்றமில்லை, பிழை என் சொல்லில் இருந்தது. அன்று இரவே இந்தக் குழுவுக்கு எழுதினேன்.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> ‘துறைமாற்றப் பட்டம்’ என்றால் போதுமே, எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான். ஆனால் துறைமாற்றம் என்றதும் அரசு ஊழியரின் பணிமாறுதல் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ‘மாற்றம்’ என்பதிலேயே இருக்கிறது. கிழிந்த நோட்டை மாற்றினால் பழைய நோட்டு நம் கையில் இருக்காது. வீடு மாறினால் பழைய வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்தத் தந்தையின் பயம் இந்தப் பொருளிலிருந்து பிறந்ததுதான், அதில் நியாயம் உண்டு. மதமாற்றம் என்ற நினைவு வேறு ஒட்டிக்கொள்கிறது.

உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. முதல் பட்டம்தான் இந்தப் படிப்புக்கு நுழைவுச் சீட்டு. வரலாறு, வேதியியல், இசை, தாவரவியல் என்று வேறு ஏதாவது ஒன்றில் பட்டம் வாங்கியவருக்காகவே இதை வகுத்திருக்கிறார்கள். கணினி அறிவியலை ஏற்கெனவே படித்துவிட்டவரைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் முதுநிலைப் பட்டம் என்றால் 180 கிரெடிட், அதாவது படிப்பின் பாரத்தை அளக்கும் புள்ளிகள். அதில் 60 வரை ஆய்வுத் திட்டத்துக்குப் போய்விடுவது வழக்கம். மீதியில் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயக்குதளம், மென்பொருள் பொறியியல் எல்லாவற்றையும் அடித்தளத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஓராண்டுக்குள் இவ்வளவு என்பதால் பாரம் அதிகம். முடித்து வருகிறவர் தாவரவியலையும் மறந்துவிடுவதில்லை. மரபணு வரிசைகளைத் தானே நிரல் எழுதி ஒப்பிடத் தெரிந்த தாவரவியலாளர் எவ்வளவு மதிப்புள்ளவர் என்பதை யோசித்துப் பாருங்கள். இவ்வளவையும் ‘மாற்று’ என்ற சொல் அழித்துவிடுகிறது.

> நம்மிடம் எம்.சி.ஏ. இருக்கிறது. அதற்குள்ள ‘கணினிப் பயன்பாட்டியல் முதுநிலை’யையே இதற்கும் சொல்லலாம்.

கூடாது. எம்.சி.ஏ.வில் பி.சி.ஏ. முடித்தவரும் சேரலாம், பி.காம். முடித்தவரும் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் நிபந்தனையாக இருந்தது. இந்தப் பெண் மேல்நிலையில் தூய அறிவியல் பிரிவு எடுத்தவள். அந்தக் கதவு திறக்காததால்தான் கடல் கடந்து தேடியிருக்கிறாள். முன்பு மூன்று ஆண்டாக இருந்த எம்.சி.ஏ. 2020-21 முதல் இரண்டு ஆண்டாகிவிட்டது. அந்த மூன்றாண்டுக் காலத்தில் முதல் ஆண்டு பிறதுறையினருக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது என்பது என் எண்ணம். எப்படியானாலும் எம்.சி.ஏ. ஒரு படிப்பின் பெயர். நாம் தேடுவது ஒரு வகையின் பெயர். சட்டத்துக்கும் உளவியலுக்கும்கூடப் பிரிட்டனில் இதே வகைப் படிப்புகள் உண்டு. ஆகவே நம் சொல்லுக்குள் ‘கணினி’ இருக்கக் கூடாது.

> நத்தத்தில் எங்கள் தோப்பில் எல்லாம் ஒட்டு மாங்கன்றுதான். அடிமரம் ஒன்று, காய்ப்பது வேறு. ‘ஒட்டுப் பட்டம்’ என்று வைத்துக்கொள்வோமா?

கருத்தளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடிமரத்தின் வேர் அப்படியே இருக்கிறது என்பதை வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. ஆனால் தோப்புக்கு வெளியே இருப்பவர் காதில் ‘ஒட்டு’ என்பது கிழிசலுக்குப் போடும் ஒட்டாகத்தான் விழும். அதோடு ‘பட்டம்’ சேர்ந்தால் காகிதம் ஒட்டிப் பறக்கவிடும் பட்டம் முன்னால் வந்து நிற்கும். வேலைக்கு நேர்காணல் நடத்துகிறவர் முன் அந்தப் பெண்ணின் சான்றிதழ் இப்படி ஒரு பெயரோடு போகக் கூடாது.

‘புலம்பெயர் பட்டம்’ என்று கோவையிலிருந்து எழுதிய அம்மாவின் மடலையும் இரண்டு முறை படித்தேன். காமராசர் பல்கலைக்கழகத்தில் தமிழியற்புலம் என்று வழங்குவதால் புலம் என்பது கல்விக்குப் பொருந்தும் சொல்தான். ஆனால் புலம்பெயர்தல் என்பது ஊரை இழந்து போனவர்களின் சொல்லாகிவிட்டது. அதை அவர்களுக்கே விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு ‘துறைபுகு பட்டம்’. எம்.எஸ்சி. என்றால் ‘துறைபுகு முதுநிலைப் பட்டம்’, பட்டயமாக இருந்தால் ‘துறைபுகு பட்டயம்’.

துறை என்பதை நாம் இலாகா என்ற பொருளிலேயே பார்த்துப் பழகிவிட்டோம். துறை முதலில் நீருக்குள் இறங்கும் இடம். வைகைக் கரையில் பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை என்று பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஒரு கலையில் முற்றத் தேர்ந்தவரைத் ‘துறைபோகியவர்’ என்று பழைய நூல்கள் சொல்லும். துறைபோதல் என்றால் கற்றுக் கரை கண்டுவிடுவது. அப்படியானால் புதிதாக இறங்குகிறவர் செய்வது துறைபுகுதல். இரண்டு சொல்லும் ஒரே ஆற்றில் இருக்கின்றன. இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட பிறகு வேறு சொல் தேட எனக்கு மனம் வரவில்லை.

‘புகு’ என்பதில் அத்துமீறிப் புகுதல் என்ற சாயல் வருமே என்று ஒருவர் கேட்கக்கூடும். கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் பி.யு.சி.யைப் ‘புகுமுக வகுப்பு’ என்றுதான் ஒரு தலைமுறையே சொன்னது. அதில் யாரும் குறை காணவில்லை. ‘புகுந்த வீடு’ என்கிறோம். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே பிறந்த வீடு என்று ஒன்று இருப்பதும் கூடவே வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது நினைவுதான்.

இலக்கணம் பற்றி ஒரு சொல். ‘துறைபுகு பட்டம்’ வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது. ‘துறைபுகுப் பட்டம்’ என்று எழுதினால் பிழை. ‘துறைப்புகு’ என்றும் வேண்டாம் என்பது என் கருத்து, ‘துறைபோகிய’ என்பதில் மிகவில்லை அல்லவா. இலக்கணம் கற்பிக்கும் ஐயாமார் இதை மட்டும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

நீளம் பற்றியும் கவலை வேண்டாம் என்று நினைக்கிறேன். பள்ளிப் பாடநூலில் ‘கணிப்பொறி’ இருந்த இடத்தில் இன்று ‘கணினி’ இருக்கிறது. குறுகிய சொல் வென்றது. துறைபுகு நான்கே எழுத்து.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல்: பிரிட்ஜ் கோர்ஸ், அதாவது புதிய துறைக்கு வருகிறவருக்கு விடுபட்ட அடிப்படையைக் கற்பிக்கும் பாடம். ‘பாலப் பாடம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். காதில் அது ‘பாலபாடம்’ என்று விழும், பாலபாடம் அரிச்சுவடி. முதுநிலைக்கு வந்தவரிடம் அரிச்சுவடி படி என்று சொல்வது போலாகிவிடும். ‘இணைப்புப் பாடம்’ என்பதே நன்று. அந்தப் படிப்பில் சேர்கிறவரைப் ‘பிறதுறைப் பட்டதாரி’ என்றே சொல்லிவிடலாம்.

திரும்பி வந்த விண்ணப்பத்தை நான் எப்படித் திருத்தினேன் என்றால், சொல்லையே எடுத்துவிட்டு ‘பிற துறையில் பட்டம் பெற்றவர்கள் கணினித் துறையில் சேர்ந்து பயிலும் ஓராண்டு முதுநிலைப் படிப்பு’ என்று விரித்து எழுதினேன். இந்த முறை தந்தையின் விரல் எங்கும் நிற்கவில்லை. வங்கியும் வாங்கிக்கொண்டது. கடன் இன்னும் கைக்கு வரவில்லை.

வரும் திங்களன்று இதே விவரத்தோடு உறுதிமொழி ஆவணம் ஒன்று எழுத வேண்டும். அதில் முதல் முறை ‘துறைபுகு முதுநிலைப் பட்டம்’ என்று எழுதி, உடனே மேலே சொன்ன விளக்கத்தைச் சேர்த்து, பிறகு சொல்லை மட்டும் ஆள எண்ணியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
தல்லாகுளத்திலிருந்து